சிவப்பு வளையம் போட்ட மரங்கள்

ஆகஸ்ட் 7, திங்கள்

மேல்காற்று. காலை ஆறு மணிக்கே வாசல் முழுக்கப் புழுதி. கூட்டி முடிப்பதற்குள் மறுபடியும். விட்டுவிட்டேன்.

இன்றைக்கு:
கூப்பில், இந்த வருஷ வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுத் துண்டில், மூன்றாம் நாள் மரம் வெட்டு. போய்ப் பார்க்க.
நாற்றங்கால் மோட்டார் காயில் எரிந்தது. மெக்கானிக்.
பீங்கான் கழிவு டிராக்டர். இன்றாவது பிடிக்க.
யாழினி ஹாஸ்டலுக்குப் பெட்டி, பூட்டு.

டிராக்டர் பெரிய தலைவலி. டவுனில் எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை, உடைசலை எல்லாம் கொண்டுவந்து காப்புக்காட்டு ஓரத்தில் கொட்டிவிட்டு ஓடுகிறான். உடைந்த ஃபியூஸ் கட்டை, கைப்பிடி போன கப்பு, போன வாரம் தும்பிக்கை இல்லாத பிள்ளையார் ஒரு குவியல். எங்கள் வனத்துறைக் காட்டையும் ஊர்க்காரர்களின் கோயில்காட்டையும் பிரிக்கிற எல்லைக்கல் இரண்டு அந்தக் குவியலுக்கு அடியில் போய்விட்டன. ஆடு மேய்க்கிறவர்கள் காலைக் கிழித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறார்கள். என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பதும் ஒரு பீங்கான் கம்பெனியில்தான், கிளேஸ் செக்ஷன் சூப்பர்வைசர். நான் வாயைத் திறக்கும் முன்பே "எங்க கம்பெனி இல்ல" என்கிறார்.

வாட்சர் கலியபெருமாளைக் காலையில் கிழக்கு ஓரத்துக்கு அனுப்பினேன், டிராக்டர் ரோட்டை விட்டு இறங்குகிற இடம், குவியலிலிருந்து ஒரு மைல்.

"டிராக்டர் நம்பரை எழுதிக்கிட்டு வாங்க. இன்னிக்கி விடக் கூடாது."

"கூப்புல ஆளு வாணாமா மேடம்? வெட்டறவங்க எல்லாம் வெளியூரு ஆளுங்க."

"மேஸ்திரி இருக்காரு. நான் பத்து மணிக்குப் போயிடுவேன்."

பத்து மணிக்குப் போகவில்லை. மெக்கானிக் வர பதினொன்று. வந்தவன் திட்டக்குடியில் பார்ட்ஸ் கிடைக்கும், இங்கே கிடைக்காது என்று கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

பதினொன்றே முக்காலுக்குக் கலியபெருமாள் போன். டீக்கடையில் காசு போட்டுப் பேசினார். மூச்சு வாங்கியது.

"மேடம், கோயில்காட்டுல மரம் சாஞ்சிடுச்சி. ஏழும். ஏழும் போயிடுச்சி மேடம்."

டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு போனேன். வழி நினைவில்லை.

இலுப்பை மூன்று. வேம்பு மூன்று. புளி ஒன்று. எல்லாம் கிளையோடு கிடந்தன. பச்சைவாழியம்மன் மேல் வெயில் அடித்தது. அந்த இடத்தில் நான் வெயிலைப் பார்த்ததே இல்லை. கூட நிற்கிற முனி சிலைகளின் மூக்கு, மீசை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன, பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மேஸ்திரி கை பிசைந்துகொண்டு நின்றார். "செவப்பு வளையம் இருந்துதும்மா. நீங்க சொன்னதுதான? வளையம் இருந்தா வெட்டுன்னு."

ஆபீஸ் டைரியில் எழுதியது: நாற்றங்கால் பார்வை. கூப்பு பார்வை. வெயில்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ராத்திரி தூக்கம் இல்லை. காற்று இன்னும் அடங்கவில்லை.

ஊரே ரேஞ்ச் ஆபீஸ் வாசலில். நூறு பேர் இருக்கும். முன்னால் காசியம்மாள், மகளிர் குழுத் தலைவி. நாற்றங்காலில் பை நிரப்ப ஆள் அனுப்புவது அவள்தான், என்னோடு நல்ல பழக்கம். இன்றைக்கு என்னைப் பார்க்கவே இல்லை. ரேஞ்சரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்து மரம். காவி பூசி அஞ்சு நாளு ஆவுல. ஞாயித்துக்கெழம கூழு ஊத்தணும், அம்மனுக்கு எங்க நெழலு இருக்குது? யாரு சொல்லி வெட்னாங்க? அந்தப் பேரு எங்களுக்கு வேணும்."

ரேஞ்சர்: "விசாரிக்கிறோம். வியாழக்கிழமை மாவட்ட வன அதிகாரி, டி.எஃப்.ஓ. ஐயாவே நேர்ல வராரு."

"அந்தப் பேரு வேணும்." வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

நடந்தது என்ன என்று இங்கேயாவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன். வேறு எங்கேயும் எழுதப் போவதில்லை போலிருக்கிறது.

வெட்ட வேண்டிய மரத்துக்கு நெஞ்சு உயரத்தில் ரெட் ஆக்சைடில் ஒரு வளையம். பிறகு அடிமரத்தில் பட்டையைச் செதுக்கி, முத்திரைச் சுத்தியால் ஓர் அடி. மரம் போனாலும் அடிக்கட்டையில் முத்திரை நிற்கும். பெயிண்டை யார் வேண்டுமானாலும் பூசலாம். சுத்தி மட்டும் ரேஞ்ச் ஆபீஸ் பீரோவில் இருக்கும், வனவர், அதாவது நான், கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்தில் கோடரி படக் கூடாது. சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம்.

வளையம் போட்டோம், நானும் கலியபெருமாளும், ஜூலையில் மூன்று நாள். முத்திரை போட வேண்டிய இரண்டு நாளும் நான் மெட்ராஸில். மகள் யாழினிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். லீவு எழுதிக் கொடுத்தால் வெட்டு தள்ளிப்போகும், ரேஞ்சர் முகம் சுளிப்பார் என்று எழுதிக் கொடுக்கவில்லை. கலியபெருமாள்தான், "போயிட்டு வாங்க மேடம், யாராச்சும் கேட்டா காட்டுக்குள்ள இருக்கீங்கன்னு சொல்லிக்கிறேன்" என்றார். திரும்பி வந்ததும் லிஸ்டில் எல்லா மரத்துக்கும் நேரே 'முத்திரை இடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு அடியில் ரேஞ்சர், காட்டுப் பக்கமே வராமல், 'சரிபார்த்தேன்' என்று போட்டார்.

முதல் நாள் மேஸ்திரி கேட்டார்: "முத்திர எங்கம்மா? காணோமே."

நான் சொன்னேன்: "செவப்பு வளையம் இருந்தா போதும். வெட்டுங்க."

இந்த ஊரில் ஏழு வகையறா, ஏழு பங்காளிக் கூட்டம். வகையறாவுக்கு ஒரு மரம். கூழ் ஊற்றுவதற்கு முந்தின வாரத்து வெள்ளியன்று அவரவர் மரத்துக்கு அவரவர் காவி குழைத்துச் சுற்றிப் பட்டை பூசுவார்கள். பார்த்தால் எங்கள் சிவப்பு வளையம் மாதிரியேதான் இருக்கும். பூசிய மரத்தில் கூழ் முடிகிற வரைக்கும் ஓர் இலைகூடக் கிள்ளக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். எட்டு வருஷமாக இந்தப் பிரிவில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா!

போன வெள்ளி சாயங்காலம் கலியபெருமாள் வந்து சொன்னார். விரலிடுக்கில் காவி இருந்தது, அவர் வகையறா மரத்துக்கு அவர்தான் பூசியிருக்கிறார்.

"மேடம், எங்க ஊருல பட்ட பூசியாச்சி. வெட்டறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடட்டுமா?"

"எல்லைக்கல்லு தாண்டி அவங்க எதுக்குப் போகப் போறாங்க?"

எல்லைக்கல்! பிள்ளையார் குவியலுக்கு அடியில் கிடக்கிற எல்லைக்கல்.

முத்திரை போட்டிருந்தால் எந்தக் காவியும் எதையும் செய்திருக்காது. காவி பூசியது அவர்கள் தப்பில்லை, வெட்டியது வெட்டியவர்கள் தப்பும் இல்லை. மனசு கல்லாகக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 9, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. இட்லி மாவு புளித்துவிட்டது, தோசை.

ரேஞ்சர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். திட்டக்குடிப் பக்கத்து மங்களூரில் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போக முடியாமல் போன கடுப்பு வேறு. மேஜை மேல் சுத்தி.

"கூப்புல எத்தனை கட்டை நிக்குது?"

"அறுபது இருக்கும் சார்."

"இன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள எல்லாத்துலயும் முத்திரை விழணும். பழசா தெரியற மாதிரி. கோயில்காட்டு ஏழுல மட்டும் இருக்காது. அப்ப என்ன அர்த்தம்? நாம ஒழுங்கா குறி போட்டோம். குறி இல்லாத மரத்தை வெட்டறப்ப டியூட்டி ஆளு தடுக்கல. டியூட்டி ஆளு யாரு?"

ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, கலியபெருமாள் பெயரில் விரலை வைத்தார்.

"மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். வாட்சர்தான் மரத்தைக் காட்டினாருன்னு எழுதிக் குடுக்கறேன்னுட்டான். அவனுக்கு அடுத்த கூப்பு வேணும்."

"சார், அவரு அந்த ஊரு ஆளு. அவரு வகையறா மரமே அதுல ஒண்ணு."

"அம்மா, ஒண்ணு நீங்க, இல்லன்னா அவன். நீங்க பர்மனென்ட் ஆளு, பொண்ணு காலேஜ் போவுது. அவன் தினக்கூலி. நாளைக்கே வேற வேலைக்குப் போயிடுவான்."

பதினாலு வருஷத் தினக்கூலி. நிரந்தரமாக்குகிற பட்டியலில் இந்தத் தடவைதான் பெயர் வந்திருக்கிறது. போன மாதம் அதைச் சொல்ல ஒரு முழுப் பலாப்பழத்தை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். காக்கிச் சட்டை தைக்க நல்ல டெய்லர் யார் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். இப்போது போடுவது யாரோ கொடுத்த பழைய சட்டை, தோள் இறங்கிக் கிடக்கும்.

ரேஞ்சர் கையெழுத்தும் அந்த லிஸ்டில் இருக்கிறது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சுத்தியை எடுத்துக்கொண்டேன். கனம் அதிகம் இல்லை.

கூப்பில் கலியபெருமாள் மட்டும். வெட்டு நிறுத்தியாயிற்று. சுத்தியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் பாதிதான் புரிந்தது.

"நல்லது மேடம். டி.எஃப்.ஓ. வந்தா மொதல்ல முத்திரையத்தான் பாப்பாரு. உங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

அவரே முன்னால் போய் ஒவ்வொரு கட்டையிலும் பட்டையைச் செதுக்கிக் கொடுத்தார். மண்ணை ஊதினார். "இங்க அடிங்க மேடம். கொஞ்சம் கீழ. ஆங்." நான் அடித்தேன். புது வெட்டு வெள்ளையாகப் பல்லை இளித்தது. செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்து அதன் மேல் பூசலாம், மூணு வாரத்துப் பழசு மாதிரி ஆகிவிடும் என்று யோசனை சொன்னதும் அவர்தான். தண்ணீருக்கு அவருடைய சாப்பாட்டுத் தூக்கின் மூடி.

இருபதாவது கட்டையிலோ என்னவோ சொல்லிவிடலாம் என்று வாய் வந்தது. "கலியபெருமாள்" என்றேன். "சொல்லுங்க மேடம்" என்று நிமிர்ந்தார். முகமெல்லாம் செம்மண். "கை வலிக்குது" என்றேன்.

"குடுங்க, நான் அடிக்கறேன்" என்று சுத்தியை வாங்கிக்கொண்டார். மிச்சம் நாற்பதையும் அவர்தான் அடித்தார்.

ஆபீஸ் டைரி: கூப்பு தணிக்கை.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 10, வியாழன்

வெயில். காய்ச்சி எடுத்துவிட்டது.

டி.எஃப்.ஓ. பத்தரைக்கு வந்தார். புது ஆள், சின்ன வயசு, கறார். முதலில் கூப்பு. நாலு கட்டையில் குனிந்து முத்திரையைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார். பிறகு கோயில்காடு. ஊர் முழுக்க அங்கே. வெட்டிய மரங்களை யாரும் தொடவில்லை, இலை எல்லாம் சுருண்டு கிடந்தது. கெட்ட நாற்றம் ஒன்றும் இல்லை, வேப்பிலை வாசனைதான், அதுவே தாங்க முடியவில்லை.

ஏழு கட்டையிலும் முத்திரை இல்லை. மேஸ்திரியை முன்னால் கூப்பிட்டார்கள்.

"வாட்சரு காட்டினாருங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கலியபெருமாளுக்கு அது காதிலேயே ஏறவில்லை போலிருந்தது. இன்னொரு வாட்சர் யாராவது இருக்கிறாரா என்பது மாதிரி திரும்பிப் பார்த்தார்.

டி.எஃப்.ஓ.: "நீதான் கூப்பு டியூட்டி? மரம் விழும்போது எங்க இருந்த?"

"கெழக்கு ஓரத்துல நின்னேன் ஐயா. டிராக்டரு பிடிக்க. மேடம்தான் அனுப்பினாங்க."

டி.எஃப்.ஓ. என் பக்கம் திரும்பினார். "அனுப்பினீங்களா?"

ரேஞ்சர் என்னைப் பார்க்கவில்லை. கலியபெருமாள் பார்த்தார். பயமே இல்லாமல் பார்த்தார். மேடம் சொல்லிவிடுவார், விஷயம் முடிந்துவிடும் என்கிற நிம்மதி அந்த முகத்தில்.

"ரெஜிஸ்டர்ல அவருக்குக் கூப்பு டியூட்டி சார்" என்றேன்.

பொய் இல்லை. ரெஜிஸ்டரில் அப்படித்தான் இருக்கிறது. இதையே வீடு வரும்வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் ஊர்க்காரர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். போலீஸ்காரர் இருவர் இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். சட்டைக் கையில் கிழிசல். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். யாரோ கத்தினார்கள்: "அம்மா மரத்தயே வித்தியேடா!" அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜீப்புக்குள் ஏறிவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டில் ரசம். யாழினி, "அம்மா, ஹாஸ்டல்ல வாளி நாமதான் கொண்டுபோகணுமாம்" என்றாள். வாளி, நாளைக்கு.

ஆகஸ்ட் 11, வெள்ளி

வாளி வாங்கியாயிற்று. நீலம்.

கலியபெருமாளை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்களாம். ரேஞ்சர் போனில் சொன்னார், பஸ் டைம் சொல்கிற மாதிரி.

காட்டில் நான் மட்டும். கேட்டைத் திறக்கத் தெரியவில்லை. எட்டு வருஷமாக அதைத் திறந்துவிட்டவர் அவர், எந்தப் பக்கம் தூக்கித் தள்ள வேண்டும் என்று நான் கவனித்ததே இல்லை. கம்பியில் புடவை கிழிந்தது. நின்று அழுதேன். ஒரு ஆட்டுக்காரப் பெண் பார்த்துவிட்டுப் பேசாமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

மதியம் காசியம்மாள் வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை.

"அன்னிக்கி உங்ககிட்ட மொகம் குடுத்துப் பேசல, மனசுல வச்சிக்காதீங்க மேடம். நீங்க மட்டும் உண்மைய சொல்லலன்னா அவன் தப்பிச்சிருப்பான்."

கீரையை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன்!

அவள் சொன்னது:
ஊர் கூடிப் பேசியிருக்கிறார்கள். கலியபெருமாளை அவர் வகையறாவே தள்ளிவைத்துவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டார் யாரும் கோயில் பக்கம் வரக் கூடாது.
வீடு வீடாகக் கொடுத்தனுப்புகிற கூழ் அவர் வீட்டுக்கு மட்டும் கிடையாது.
அவர் பெண்டாட்டியைக் குழாயடியில் யாரும் சேர்க்கவில்லை. கூப்பிட்டால் பதில் பேசுவதில்லை.

"அந்தப் பொம்பள இன்னா பண்ணுச்சி, பாவம்" என்று அவளே கடைசியில் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா சேத்துக்கிட்டா அம்மனுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள்.

நான் வேலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை போனால் வேறு வேலை. இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஊரில் பிறந்த ஆள் அம்மன் மரத்தை விற்றவன் என்று ஆகிவிட்டால் அவர் எங்கே போவார்? அவர் பிள்ளைகளுக்கு யார் பெண் கொடுப்பார்கள், யார் எடுப்பார்கள்?

ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெட்ராஸ் போனது, முத்திரை, சுத்தி, செம்மண். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்க வாட்சரு இன்னிக்கி எங்க கம்பெனி களத்துல மண்ணு எறக்கிட்டு இருந்தாரு. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன்."

பிறகு, "இன்னும் அந்தக் காக்கிச் சட்டைதான் போட்டிருந்தாரு" என்றார்.

கீரையை யாரும் ஆயவில்லை. வாடிவிட்டது.

ஆகஸ்ட் 12, சனி

காலையில் தூறல், பத்து நிமிஷம். புழுதி அடங்கவில்லை, சேறும் ஆகவில்லை.

ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். நான் முத்திரை போடவில்லை. போட்டதாகப் பொய் எழுதினேன். வளையம் போதும் என்று மேஸ்திரியிடம் சொன்னது நான். வாட்சரைக் கிழக்கு ஓரத்துக்கு அனுப்பியது நான். ஒன்பதாம் தேதி கட்டைகளில் முத்திரை அடித்தது என் பொறுப்பில். ரேஞ்சர் பெயரை எழுதுவதா வேண்டாமா என்று அரை மணி நேரம். எழுதினேன்.

இவர் படித்தார். 'பணிவுடன்' என்று ஐந்து இடத்தில் இருந்தது. "ரெண்டு போதும்" என்றார். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டாரா என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜெராக்ஸ் கடை பாய் கண்ணாடி மேல் கடிதத்தை வைத்தபோது அவர் கண் முதல் வரியில் நின்றது. "படிக்கல மேடம், படிக்கல" என்று அவசரமாகக் கவிழ்த்துவிட்டார். மூன்று காப்பி. காசு வாங்க மறுத்தார். யாருக்கோ சாவு என்று நினைத்தாரோ என்னவோ.

போஸ்ட் ஆபீஸ். டி.எஃப்.ஓ.வுக்கு ரிஜிஸ்தர் தபால். ரசீதை வாங்கிக் கைப்பையில் வைத்தபோது உடம்பே லேசானது. ஒரு இளநீர் குடித்தேன். நான் நல்லவள்தான் என்றுகூட ஒரு நினைப்பு, வெட்கமில்லாமல்.

அந்த லேசோடுதான் கம்பெனிக் களத்துக்குப் போனேன். கலியபெருமாள் லாரியிலிருந்து களிமண் இறக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் வெள்ளை மண். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினார், பழக்கத்தில். பிறகு மறுபடி தூக்கிக்கொண்டார்.

"நான் எல்லாத்தையும் எழுதிட்டேன். டி.எஃப்.ஓ.வுக்கு அனுப்பிட்டேன். இதோ ரசீது."

பார்க்கவில்லை. கூடையைக் கொட்டிவிட்டு வந்தார்.

"எத்தினி பேரு மேடம் அதப் படிப்பாங்க?"

"டி.எஃப்.ஓ. படிப்பாரு. மேல அனுப்புவாரு. உங்க பேரைத் திரும்பவும்..."

"அன்னிக்கி எரநூறு பேரு இருந்தாங்க. எம் பெரியப்பன் மவன் இருந்தான், மொதல்ல சட்டையப் பிடிச்சது அவந்தான். எம் பொண்டாட்டி வூட்டாளுங்க இருந்தாங்க. அவங்களுக்கு யாரு மேடம் தபால் போடறது?"

அடுத்த கூடையில் மண்ணை வாரிப் போட்டார்.

"நீங்க ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம். கட்டையில அடிக்கறப்பவே. 'கலியபெருமாளு, இது உன் தலையிலதான் விடியும், என்னாலயும் தடுக்க முடியாது'ன்னு. நான் அப்பவும் அடிச்சிக் குடுத்திருப்பனோ என்னவோ. ஆனா தெரிஞ்சி அடிச்சிருப்பேன். என்ன வச்சே என் குழிய வெட்டுனீங்களே, அதான் என்னால தாங்கிக்க முடியல."

குரலை உயர்த்தவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "போங்க மேடம். வேல நிக்குது."

இந்த எட்டு வருஷத்தில் அவர் என்னைப் போ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து ரசீதை எங்கே வைத்தேன் என்று தேடினேன். கையிலேயேதான் இருந்தது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வெயில், காற்று இல்லை. ஆடி கடைசி ஞாயிறு.

யூனிஃபார்ம் போட்டுக்கொண்டேன். இவர் நானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். யாழினி, "ஞாயித்துக்கிழமை டியூட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

கோயில்காட்டில் பந்தல். மரங்கள் இருந்த இடத்தில் தென்னங்கீற்று, அதுவும் பத்தாமல் தார்ப்பாய். ஏழு கட்டைகளையும் கழுவி மஞ்சள் பூசிப் பூ வைத்திருந்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த பம்பைக்காரர்கள் ஓய்ந்து உட்கார்ந்திருந்த நேரம். அண்டாக்களில் கூழ். ஊர்த் தலைவர், நாட்டார் என்பார்கள், என்னைப் பார்த்ததும் "வாங்க மேடம், வாங்க" என்று நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். எனக்கு மரியாதை!

மைக் செட் ஆளிடம் கேட்டேன். "டெஸ்ட் பண்ணிக்குடுக்கறேன்" என்று ஊதிக் கொடுத்தான்.

என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. எழுதி வைத்துக்கொண்டு போகவில்லை. என் பெயரைச் சொன்னேன். முத்திரை போட வேண்டியது நான், போடவில்லை, எங்கள் வளையமும் உங்கள் காவியும் ஒரே நிறம் என்று தெரிந்தும் எச்சரிக்கவில்லை என்றேன். கலியபெருமாள் வெள்ளிக்கிழமையே வந்து சொன்னார், கேட்காதது நான் என்றேன். அவரை அந்தப் பக்கம் அனுப்பியதும் நான், வியாழக்கிழமை உங்கள் எல்லார் முன்னாலும் அதை மறைத்ததும் நான் என்றேன். "நீங்க அன்னிக்கி கேட்டீங்களே ஒரு பேரு. அது என் பேருதான்." இது நினைவிருக்கிறது.

ஸ்பீக்கர் கீச்சென்றது, மைக் ஆள் ஓடிப்போய்த் திருகினான்.

ஒரு இளவட்டம் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தான். இன்னொருவன் என் டி.வி.எஸ்ஸைத் தள்ளிவிட்டான், கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. நான் நகரவில்லை. நாட்டார் கையைக் காட்டி அவர்களை அடக்கினார். காசியம்மாள் எழுந்து என் எதிரே வந்து நின்றாள். மேடமும் இல்லை, வாங்க போங்கவும் இல்லை.

"நான் கீர குடுத்தப்போ வாங்கிக்கினியே. எப்படி வாங்கின?"



நாட்டார் இரண்டு பேரை அனுப்பினார், கலியபெருமாளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. கூழ் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான் நின்றிருந்தேன், நாற்காலியை எடுத்துவிட்டார்கள். குழந்தைகள் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சிணுங்கின. கால் மணி நேரம் இருக்கும்.

இரண்டு பேரும் தனியாகத் திரும்பி வந்தார்கள். ஒருவன் அவருடைய பெரியப்பா மகன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"வர மாட்டேன்றான். கதவக் கூடத் தொறக்கல. 'மண்ண வாரித் தூத்துனது ரெண்டு பேரு இல்ல'ன்றான்."

நாட்டார் கீழே பார்த்தார். ஏழு வகையறாக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூசாரி, நேரம் போகிறது என்று ஏதோ முணுமுணுத்தார். அண்டாவில் கூழ் ஆடை கட்டிவிட்டது.

கடைசியில் காசியம்மாள்தான். பந்தலுக்கு வெளியே போய், குவிந்து கிடந்த அத்தனை செருப்பில் தன்னுடைய ஜோடியைத் தேட ஆரம்பித்தாள். ஒன்று கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. இருந்ததையும் அங்கேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு அவர் தெருப் பக்கம் நடந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் எழுந்தார்கள். பிறகு பெரியப்பா மகன். பிறகு நாட்டார். பிறகு ஒவ்வொருவராக, அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றிய அத்தனை பேரும்.